இரண்டு நீலம்

மாஸ்டரின் மெஷின் நின்றது. நின்றால் என்ன, மெஷின் நிற்கவே கூடாதா என்று கேட்பவர்கள், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஒரு யூனிஃபார்ம் தையல் கடைக்குள் வந்து பார்க்க வேண்டும். அந்தச் சமயத்தில் மெஷின் நிற்பதற்கு இரண்டே காரணம்தான் உண்டு. ஒன்று நூல் அறுந்திருக்கும், இல்லையென்றால் அடிநூல் சுற்றிய பாபின் தீர்ந்திருக்கும். முதுகைக் காட்டி நின்றாலும் மாஸ்டரம்மாவுக்கு எது என்று தெரிந்துவிடும். நூல் அறுந்தால் அவரிடமிருந்து ஒரு முணுமுணுப்பு வரும். பாபின் தீர்ந்தால் டிராயர் இழுபடும். இப்போது இரண்டும் கேட்கவில்லை.

அவள் கத்தரியை வைத்துவிட்டுத் திரும்பினாள். மாஸ்டர் மெஷினின் தலைமேல் தன் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தலை லேசா சுத்துது. இரு, சரியாயிடும்."

ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் பார்க்கிற மனுஷன்தானே.

இவர்கள் கடையில் துணி வெட்டுகிறவள் அவள், தைக்கிறவர் அவர். தையல் உலகத்தில் வெட்டுகிறவர்தான் மாஸ்டர். ஆனால் வாடிக்கைக்காரர்கள் மீசையைப் பார்த்துப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது அந்தப் பட்டத்தின் வாலில் ஒட்டிய ஒரு 'அம்மா' மட்டும். அதில் அவளுக்கு வருத்தமில்லை. கத்தரி தன் கையில் இருக்கிறவரை யாரை எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று இருந்துவிட்டாள்.

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். மெஷினில் கிடந்த வெள்ளைச் சட்டைக்கும் அவர் முகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"எந்திரிங்க. வாசல்ல கொஞ்சம் காத்தாட உக்காருங்க."

"காலர் நாலு பாக்கி இருக்கு."

"அது எங்கயும் ஓடிப் போயிடாது."

கடையின் பின்கட்டில் துணிக்கு மடிப்புப் போட்டுக்கொண்டிருந்த இஸ்திரி அண்ணன் ஓடி வந்து ஒரு பக்கம் தாங்கினார். ஊரில் யார் அழுதாலும் ஒரு வேடிக்கை சொல்லாமல் போக மாட்டார் அவர். இன்றைக்கும் வாயைத் திறந்தார், மாஸ்டரின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார், மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் மாஸ்டரம்மாவுக்குப் பயம் இன்னும் கூடிப் போயிற்று.

எல்லாம் தோளில் ஆரம்பித்தது. மாஸ்டருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு, சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல் போனது. தோள் டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மாஸ்டரைக் கத்த வைத்தார். பிறகு வீக்கத்துக்கும் வலிக்கும் சேர்த்து ஒரு மாத்திரை எழுதினார். நல்ல மனிதர், எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அனுப்பிவிடவில்லை. உட்கார வைத்துச் சொன்னார்.

"இது கொஞ்சம் வேகமான மாத்திரை. அஞ்சு நாளைக்குத்தான். சாப்பிட்ட பிறகுதான் போடணும். காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி இந்த நீலமும் வெள்ளையுமா இருக்கற கேப்சூல், அது வயித்தைக் காப்பாத்த. இதோட வேற எந்த வலி மாத்திரையும் சேரக் கூடாது. மலம் கருப்பாப் போனாலோ, வாந்தி வந்தாலோ, தலை சுத்தினாலோ நிறுத்திட்டு உடனே வந்துடுங்க. வேற ஏதாவது மாத்திரை தினமும் போடறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றார் மாஸ்டர்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "தினமும் போடறீங்களே, ரத்தம் உறையாம இருக்கறதுக்கு, அந்தச் சின்ன மாத்திரை?"

"அது இதயத்துக்கு. இவரு தோள் டாக்டர். தோளைப் பத்திக் கேட்டா தோளைப் பத்தித்தான சொல்லணும்?"

சட்டைக்கு அளவெடுக்கும்போது பேன்ட் அளவு சொல்வார்களா என்கிற மாதிரி ஒரு நியாயம். அன்றைக்கு அவள் சிரித்துவிட்டாள்.

ஐந்து நாளில் கை சீப்பு வரைக்கும் ஏறிவிட்டது. ஆனால் அதே வாரம் பள்ளிக்கூடத்து ஆர்டர் வந்து கடையை ரொப்பிவிட்டது. மெஷினில் உட்கார்ந்தால் தோள் மறுபடி முறைத்தது. திரும்ப டாக்டரிடம் போக யாருக்கு நேரம்? பழைய சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டினாள், அவர்களும் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்கள். தீர்ந்ததும் மறுபடி நீட்டினாள். ஐந்து நாள் மாத்திரை அந்த சீசன் முழுவதற்குமாக நீண்டுபோனது. அவளும் நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தாள். வலியில்லாமல் அவர் தைக்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த மாத்திரைகளை அவள் வைத்திருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். கடையில் பட்டன் பெட்டி என்று ஒன்று உண்டு. சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி. பட்டனுக்குப் பேரும் கிடையாது, ஊரும் கிடையாது. நிறமும் அளவும் பார்த்து அறையில் போட்டுவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மாஸ்டரம்மாவின் கைக்கு அதுதான் பழக்கம். வீட்டு மாத்திரைக்கும் அதே போல ஒரு பெட்டி ஒதுக்கினாள். மாத்திரை அட்டை கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்காது. அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, முனை குத்தாமல் வளைத்து நறுக்கி, நிறம் பார்த்து அறையில் போட்டுவிடுவாள். அத்தனை லட்சணமாக இருக்கும். வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டியிருக்கிறாள்.

"சட்டையில மாத்திரையத் தச்சு, மாஸ்டர் வாயில பட்டனைப் போட்டுடாதீங்க" என்று இஸ்திரி அண்ணன் ஒருநாள் கிண்டல் பண்ணினார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வாசல் நாற்காலியில் மாஸ்டர் சாய்ந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

"எத்தனை நாளா இப்பிடி இருக்கு?"

"சுத்தறது இன்னைக்குத்தான். வயிறு எரியறது கொஞ்ச நாளா இருக்கு." அவர் சிரிக்கப் பார்த்தார். "வெளிக்குப் போனாக்கூடக் கருப்பாத்தான் போகுது, தார் மாதிரி. கருப்பு பேன்ட்டாத் தச்சுத் தச்சு உள்ளயும் சாயம் எறங்கிடுச்சு போல."

யாரும் சிரிக்கவில்லை. தோள் டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விரலை மடக்கிச் சொன்னது அவள் காதில் அப்படியே ஒலித்தது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"இதையெல்லாமா சொல்லிக்கிட்டு இருப்பாங்க? வயித்து கேப்சூல் ஒண்ணு குடு. எரிச்சல் அடங்கட்டும்."

அவள் உள்ளே ஓடிப் பெட்டியோடு வந்தாள். வாசலிலேயே குந்தி, மூடியைத் திறந்து, நீலம்வெள்ளை அறையில் கையை விட்டு நாலைந்தை அள்ளினாள். வெயில் உள்ளங்கையில் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

நீலம் இரண்டாக இருந்தது.

துணிக்கு நிறம் சேர்க்கும்போது கடைக்குள் வைத்து எந்த வெட்டுக்காரரும் முடிவு செய்யமாட்டார். டியூப் லைட்டுக்குக் கீழே எல்லா நீலமும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் காட்டினால்தான் எது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். இதை அவள் கல்யாணத்துக்கு முன்பே கற்றவள். ஒரு கெஜம் துணிக்குக்கூட வாசல்வரை நடந்திருக்கிறாள். மாத்திரையை மட்டும் ராத்திரிக் கடை சாத்தும்போது, உட்கார்ந்த இடத்தில், டியூப் லைட்டில் பிரித்துப் போட்டிருந்தாள்.

ஒரு கேப்சூல் வெளிர் நீலம். மற்றது அதைவிடக் கொஞ்சம் அழுத்தமான நீலம். இந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது?

வந்த இடம் நினைவுக்கு வந்துவிட்டது. போன மாதம் அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். பல் டாக்டர் வலிக்குக் கேப்சூல் கொடுத்தார். வலி சீக்கிரமே நின்றுவிட, மீதி கிடந்தது. வீணாகப் போக வேண்டாமென்று நறுக்கினாள். நீலமும் வெள்ளையும், அதே அளவு. ஏற்கெனவே ஓர் அறை இருக்கிறதே, அதில் போட்டாள். யோசித்துச் செய்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. கை செய்தது.

அப்படியென்றால் காலையில், வெறும் வயிற்றில், வயிற்றைக் காப்பாற்ற என்று அவர் விழுங்கியது இன்னொரு வலி மாத்திரை. பிறகு சாப்பிட்டுவிட்டு ஒன்று. அதற்கு மேலே இதயத்துக்குப் போடும் அந்தச் சின்னது.

எத்தனை நாள்? அவள் அறையைக் கவிழ்த்துப் பார்த்தாள். வெளிர் நீலம் நிறையக் கிடந்தது. அழுத்தமான நீலம் இரண்டே இரண்டுதான் மிச்சம். புதிதாகப் போட்டது மேலே இருந்திருக்கிறது, மேலே இருந்ததைத்தான் அவள் எடுத்திருக்கிறாள். மீதியெல்லாம் எங்கே போனது என்று கேட்கத் தேவையில்லை.

"என்ன பாத்துக்கிட்டே இருக்க? குடு" என்று மாஸ்டர் கையை நீட்டினார்.

"எதுவும் வேணாம். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சாயங்காலம் பள்ளிக்கூடத்துலேருந்து டீச்சரம்மா ஆள் அனுப்பறாங்க. காலரை முடிச்சிட்டு..."

"காலரு கழுத்துக்குத்தாங்க. கழுத்து நிமிர்ந்து நின்னா தச்சுக்கலாம். அண்ணே, ஒரு வண்டியக் கூப்பிடுங்க."

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு மாஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கடையை யார் சாத்துவது என்றுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பாதி வழியில் அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். வடிகட்டின டீத்தூளைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருந்தது. இஸ்திரி அண்ணன் வண்டிக்காரரைப் பார்த்து "சீக்கிரம் போங்க" என்று மட்டும் சொன்னார். மாஸ்டரம்மா மாஸ்டரின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவுகிற கைதான் கொடுத்த கை என்ற நினைப்பு வந்தபோது கையை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. நாடி பிடித்தாள், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள், இரண்டு நர்சுகளிடம் ஒரே மூச்சில் நாலு வேலை சொன்னாள். பிறகு இவள் பக்கம் திரும்பினாள்.

"வலி மாத்திரை ஏதாவது போட்டாரா?"

"தோள் டாக்டர் எழுதிக் குடுத்தது டாக்டர்."

"அது மட்டும்தானா? வேற ஏதாவது?"

மாஸ்டரம்மாவின் வாய் திறந்தது. பெட்டி பைக்குள் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. சொன்னால் என்ன ஆகும்? கட்டினவளே கொடுத்தாள் என்று நாலு பேர் சொல்வார்கள். போலீஸ் வருமோ? அவருடைய அக்கா என்ன சொல்லுவாள்? இந்த நேரத்தில் இப்படியெல்லாமா புத்தி போகும் என்று கேட்கலாம். போயிற்று. பயந்த புத்திக்குப் பாதை தெரிவதில்லை.

அதற்குள் படுக்கையிலிருந்து மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "வேற எதுவும் கிடையாது டாக்டர். எல்லாம் இவ கையாலதான். கரெக்டா எடுத்துக் குடுப்பா."

நர்சுகள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு ஆடி நின்றது.

அவள் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கரெக்டா எடுத்துக் குடுப்பா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை. உள்ளே அவர்கள் அவருக்கு ஏதேதோ கொடுப்பார்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாமலே கொடுப்பார்கள். அவளுடைய மானத்துக்கு அவர் உயிரா விலை?

'உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். காவலாளி பின்னாலேயே வந்தார்.

"டாக்டர். அவரு சொன்னது சரியில்ல. இன்னொண்ணும் இருக்கு. நான்தான் குடுத்தேன். தெரியாமக் குடுத்தேன்."

டாக்டரம்மா காவலாளியைக் கையமர்த்தினாள். மாஸ்டரம்மா பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா அறைகளைப் பார்த்தாள், நறுக்கின துண்டுகளைப் பார்த்தாள்.

"அட்டை எங்கம்மா? பேர் போட்டது?"

"வெட்டிட்டேன்."

ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பேரில் பாதிதான் இருந்தது. சிலதில் அதுவும் இல்லை. டாக்டரம்மா துண்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டரம்மா அழுத்தமான நீலம் இரண்டையும் கையில் எடுத்தாள். வெட்டின ஓரங்களைத் திருப்பித் திருப்பி ஒன்றோடொன்று வைத்தாள். ஒரு பக்கம் பொருந்தவில்லை. மறுபக்கம் சேர்ந்துகொண்டது. அவளுடைய கத்தரி போன தடம் அவளுக்குத் தெரியாதா? டாக்டரம்மா குனிந்து எழுத்துக் கூட்டினாள்.

"இதுவும் வலி மாத்திரைதாம்மா. அதே வகை. ரெண்டும் ஒண்ணா சேரவே கூடாது, அதுவும் வெறும் வயித்துல." நிமிர்ந்தாள். "வேற? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தினமும் ஒரு சின்ன மாத்திரை. இதயத்துக்கு. ரத்தம் உறையாம இருக்க. தோள் டாக்டர்கிட்ட அத நாங்க சொல்லல."

டாக்டரம்மா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். திட்டவில்லை. நர்சைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள்.

"அந்தச் சின்ன மாத்திரைய இனிமே நிறுத்திடவா டாக்டர்?"

"நீங்களா நிறுத்தவும் வேணாம், நீங்களா குடுக்கவும் வேணாம். அதை இதய டாக்டரைக் கேட்டு நாங்க சொல்றோம். இப்ப வெளிய இருங்க. ரத்தம் ஏத்தணும், குழாய் விட்டு வயித்துக்குள்ள பாக்கணும். நீங்க சொன்னதால இப்ப எங்களுக்கு வழி தெரியுது."

வெளியே பெஞ்சில் இஸ்திரி அண்ணன் இடம் விட்டு நகர்ந்தார். அவள் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"என் முட்டிவலிக்கும் பக்கத்து வீட்டு மாத்திரையத்தாம்மா போட்டுக்கிட்டு இருக்கேன். நீலமா மஞ்சளான்னுகூடப் பாத்ததில்ல" என்றார்.

கதவு திறக்கும்போதெல்லாம் அவள் எழுந்தாள். யாரையோ கூப்பிட்டார்கள், அவளை இல்லை. ஒரு தடவை நர்ஸ் ரத்தப் பையோடு ஓடினாள். அது அவருக்கா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் போய்விட்டால் அந்த மெஷினின் சத்தத்தை எப்படித் தாங்குவது என்று நினைத்தாள். பிறகுதான் அவர் போய்விட்டால் சத்தமே இருக்காது என்று உறைத்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு டாக்டரம்மா வந்தாள். வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது, அடைத்தாயிற்று, இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றாள். மாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வாய்வழியாக மாத்திரை கொடுக்கலாம் என்று சொன்ன காலையில், அவள் மாஸ்டரிடம் சொன்னாள். பல் டாக்டர், மீதிக் கேப்சூல், அறை, டியூப் லைட்டு, எதையும் விடாமல் சொன்னாள். அவர் பாதியில் குறுக்கிடுவார் என்று நினைத்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நானும் அந்தச் சின்ன மாத்திரையச் சொல்லலியே" என்றார் கடைசியில். "விடு. போனது போகட்டும்."

விட்டுவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மனசு லேசாயிற்று. தலையணையைச் சரி செய்தாள், போர்வையை இழுத்துவிட்டாள்.

நர்ஸ் வந்து ஒரு மாத்திரையை அட்டையோடு அவள் கையில் கொடுத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடி இதப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். அவள் பிதுக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து காய்ச்சலோ தலைவலியோ, அவள் நீட்டினால் அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டே எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

இன்றைக்கு எடுக்கவில்லை. மாத்திரையைப் பார்த்தார்.

"இது என்ன மாத்திரை?"

சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இத்தனை நாள் கேட்டிருந்தால் இங்கே படுத்திருக்கவே மாட்டார். அத்தனையும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சில் சுருக்கென்றது.

"வயித்துக்கு."

"அட்டையக் காட்டு."

காட்டினாள். அவர் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, உதட்டை அசைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். பேரைப் படித்தார், தேதியைப் படித்தார். அவசரமே இல்லை. பிறகுதான் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

அவர் டம்ளருக்குள்ளும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார்.